நந்தியாவட்டையின் நன்றியுரை

உட்காருங்க தம்பி. நகர்ந்துக்கிறேன், இந்தப் பெஞ்சுல நாலு பேர் உட்காரலாம். நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன், அந்த நந்தியாவட்டைச் செடியை மூணு தடவை தொட்டீங்க. முதல் தடவை தெரியாமத் தொட்டிருப்பீங்க. ரெண்டாவது தடவை சிரிச்சீங்க. மூணாவது தடவை போனை நீட்டிப் பதிவு பண்ணினீங்க. வீட்டுல போட்டுக் காட்டுவீங்க, அவங்களும் சிரிப்பாங்க. உங்களைக் குறை சொல்லலை. இங்கே வர்ற எல்லாரும் அதைத்தான் செய்றாங்க.

கடைசியில யாரோ எளில்வாணன் ஐயாவுக்கு நன்றின்னு வருதே, அது நான்தான். ஆனா என் பேர் அது இல்லை. எழில்வாணன். எங்கே, ஒரு தடவை சொல்லுங்க. ம், வருது. நாக்கை இன்னும் கொஞ்சம் உள்ளே மடிக்கலாம், பரவாயில்லை, இந்தக் காலத்துக்கு இது போதும்.

முப்பத்தொரு வருஷம் வானொலியில அறிவிப்பாளர். என் குரலைக் கேட்டுத்தான் இந்த ஊர்ல பாதிப் பேர் கடிகாரத்தைத் திருத்தி வெச்சாங்க. வீட்டுல வெச்ச பேர் பெருமாள்சாமி. கல்லூரியில படிக்கும்போது நானே மாத்திக்கிட்டேன். மத்தவங்க எல்லாம் கவிஞர் பேரு, மன்னர் பேருன்னு தேடினாங்க. நான் ழகரம் இருக்கிற பேரா வேணும்னு தேடினேன். அந்த எழுத்து வராதவன் என்னைக் கூப்பிடவே கூடாதுங்கிற எண்ணம்தான், வேறென்ன. எளில்னு தமிழ்ல ஒரு சொல்லே கிடையாது தம்பி. எளிமை உண்டு, எளியவன் உண்டு. அதெல்லாம் வேற ஆளுங்களுக்கு.

இந்தத் தோட்டம் வந்த கதையைச் சொல்றேன், கேளுங்க. மிருதுளான்னு ஒரு பொண்ணு. சென்னை. வெளிநாட்டுல படிச்சுட்டு வந்தது. பருத்திப் புடவை கட்டி, காலுக்கு ஓடுறவங்க போடுற ஷூ. வீட்டுக்கு வந்து, "சார், பூங்காவுல ஒரு இன்டராக்டிவ் கார்டன் பண்றோம், உங்க குரல் வேணும்"னு சொன்னது. அப்படின்னா என்னம்மான்னேன். "ஜனங்க செடியைத் தொட்டா செடி பேசும் சார். செடியோட உரையாடல்." செடியோட உரையாட என்ன இருக்கு? தண்ணி விட்டா வளரும், விடலேன்னா காயும். ஆனா நான் வாயைத் திறக்கலை. ஏன்னா ஒரு விஷயம் எனக்குப் பிடிச்சிருந்தது. வானொலியில பேசினது காத்தோட போயிடும். இது அப்படி இல்லை, ஒரே இடத்துல இருக்கும். நான் போன பிறகும் யாராவது ஒருத்தர் ஒரு இலையைத் தொடுவாங்க, என் குரல் வரும். மனுஷனுக்கு அந்த அளவு ஆசை இருக்கலாமில்லையா.

அந்தப் பொண்ணுக்குத் தமிழ் எவ்வளவுன்னு ஒண்ணு சொல்றேன். இந்த நந்தியாவட்டை ஏன் வாசல்கிட்ட இருக்கு தெரியுமா? அந்தப் பொண்ணுக்கு இது நன்றியாவட்டை. நன்றின்னு பேர்லயே இருக்குன்னு நினைச்சுக்கிட்டு, வேலை செஞ்ச எல்லாருக்கும் நன்றி சொல்ற பதிவை இந்தச் செடிக்கு ஒதுக்கியிருக்கு. நன்றி இல்லைம்மா, நந்தின்னு திருத்தினேன். வெட்கப்படணுமா வேண்டாமா? "அப்படியா சார், அதுவும் நல்லாத்தான் இருக்கு, இங்கேயே இருக்கட்டும்"னு சிரிக்குது. தப்பைத் திருத்தினா அதுவும் நல்லா இருக்குன்னு சொல்றவங்களை என்ன பண்றது.

அப்புறம் ஜெரால்டு. திண்டுக்கல்காரர், எலக்ட்ரானிக்ஸ் படிச்சவர். ஒவ்வொரு தொட்டி மண்ணுக்குள்ளயும் ஒரு ஒயரைப் புதைச்சு, தொட்டிக்கு அடியில ஒரு பெட்டி வெச்சார். நாம இலையைத் தொட்டா மண்ணு வழியா அதுக்குத் தெரியுமாம், பெட்டியில இருந்து குரல் வருமாம். கெட்டிக்காரர்தான். ஆனா பேசினா பாதி வார்த்தை வாய்க்குள்ளேயே தங்கிடும். இப்படிப்பட்டவங்களோட நான் ஒன்பது நாள் உட்கார்ந்து இருபத்திரண்டு செடிக்குப் பேசினேன். எழுதினதும் நானே. "நான் முருங்கை. வெப்பமண்டலத்தில் செழித்து வளரும் தன்மையன்." எப்படி இருக்கு? எந்த இடத்துலயும் மூச்சுச் சத்தம் கேக்காது. ஜெரால்டே சொன்னார், வெட்டி ஒட்ட ஒண்ணுமே இல்லை சார்னு.

மூணாவதா ஒருத்தி. அதோ பாருங்க, கடைசியில பச்சைக் குழாயை இழுத்துக்கிட்டுப் போறாளே, நீலச் சட்டை மேல போட்டுக்கிட்டு. பஞ்சவர்ணம். பூங்காவுக்குத் தண்ணி விடுற ஒப்பந்த ஆள். பேரைப் பாருங்க, கிளிக்கு வைக்கிற பேரு.

செடிகளை வரிசையா வெச்ச அன்னைக்கு வந்து நின்னுக்கிட்டு, "வாளைக்கு இந்த இடம் ஆகாது, காத்தடிக்கும்"னா. எனக்குக் காதுல ஊசி குத்தின மாதிரி இருந்தது. ஏம்மா, வாளை இல்லை, வாழை. வாளைங்கிறது மீன்னேன். "மீனு எங்கிட்டு இங்க வந்துச்சு?"ன்னு கேக்குறா. எல்லாரும் சிரிச்சாங்க. சரி, நமக்குத் தெரிஞ்சதை நாலு பேருக்குச் சொல்லிக் குடுக்கணும்னு, அவளை அங்கேயே நிறுத்தி வாழைப்பழம் சொல்லுன்னேன். பத்துத் தடவை சொல்ல வெச்சேன் தம்பி, பொறுமையா. பத்துத் தடவையும் வாளப்பளம். கையில குழாய், தண்ணி அது பாட்டுக்கு அவ கால் மேல ஓடுது. ஜெரால்டு போய்த்தான் குழாயை மூடினார். மிருதுளா தலையைக் குனிஞ்சு தரையைப் பார்த்துக்கிட்டு நின்னது. தன் தமிழும் இந்த லட்சணம்தானேன்னு அதுக்கு வெட்கமாகிப்போச்சு, பாவம். கத்துக் குடுக்கும்போது அப்படித்தான், ஒருத்தருக்குச் சொன்னா பக்கத்துல இருக்கிறவங்களுக்கும் உறைக்கும்.

நடுவுல ஒரு நாள் எல்லாச் செடியும் ஊமையாயிடுச்சு. ஒண்ணும் பேசலை. ஜெரால்டு மூணு நாள் ஒயரைப் பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்தார். அந்தப் பொண்ணு அழுதே விட்டது. பஞ்சவர்ணம் அப்போ தன் அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தா. நாலாம் நாள் வந்து தண்ணியை விட்டா, வரிசையா எல்லாம் பேச ஆரம்பிச்சது. மண்ணு காஞ்சதுதான் விஷயமாம். "தொண்ட காஞ்சா நமக்கே பேச்சு வராது, செடிக்கு மட்டும் வருமா"ன்னா. அதை ஜெரால்டு நோட்டை எடுத்து எழுதிக்கிறார். அன்னையிலேருந்து எந்தத் தொட்டிக்கு எத்தனை சொம்பு, எப்போ ஊத்தணும், எல்லாம் அவ சொல்றதுதான் கணக்கு. வேலையில்லாத நாள்லயும் வந்து ஊத்திட்டுப் போனா. ஊத்தட்டும், யார் வேண்டாம்னா? தண்ணி விடுறவ தண்ணி விட்டா. அதுல என்ன அதிசயம் கண்டாங்களோ.

ஒரு வாரம் சோதனைக்குத் திறந்து விட்டாங்க. ஜனங்க வந்தாங்க. முருங்கையைத் தொட்டாங்க, "நான் முருங்கை"ன்னு வந்தது, அடுத்ததுக்குப் போயிட்டாங்க. நின்னு கேக்கத் தெரியணுமில்லையா தம்பி? வெப்பமண்டலம்னு வந்தா அது என்னன்னு யோசிக்கணும். யோசிக்கிற ஜனமா இது? ஒரு அம்மா என் செம்பருத்தியைத் தொட்டுட்டு, "நியூஸ் வாசிக்கிறாங்கடி, வா போவோம்"னு கூட வந்தவளை இழுத்துக்கிட்டுப் போறா.

இதுக்கு நடுவுல இந்தப் பஞ்சவர்ணம் என்ன பண்ணியிருக்கா, தண்ணி விடும்போது ஒவ்வொரு செடியிலயும் என் குரல் பேசப் பேச பதில் சொல்லியிருக்கா. அந்த மிருதுளா அதைத் திருட்டுத்தனமா பதிவு பண்ணியிருக்கு. திருட்டுத்தனம்னா, அவகிட்ட கேட்டுட்டுத்தான். என்கிட்ட கேக்கலை, அதைச் சொல்றேன். நான், "செழித்து வளரும் தன்மையன்"னு முடிக்கிறேன். இவ, "ஆமா, பெரிய தன்மையன். காத்து அடிச்சா ஒடிஞ்சு விளுந்துர்ற. மறுநாளே வெக்கமில்லாம தளைக்கிற. உன்னைய மாதிரி இருந்துட்டா ஒரு கவலையும் இல்லப்பா"ங்கிறா. தளைக்கிறயாம். தழைக்கிறது இலை. தளைங்கிறது கையில போடுற விலங்கு. செடிக்கு விலங்கு மாட்டிட்டா.

ஒரு நாள் டீக்குக் கூப்பிட்டாங்க. மிருதுளா டீயை ஆத்திக்கிட்டே சொன்னது. "சார், ஜனங்க அக்கா குரலுக்கு நிக்கிறாங்க. அதனால செடிங்களுக்கு அவங்க பேசினதையே வைக்கலாம்னு இருக்கோம். நீங்க தப்பா நினைக்கக் கூடாது." இருபத்திரண்டும் போச்சு தம்பி. ஒன்பது நாள். நான் டீயைக் குடிச்சு முடிச்சேன். பாதியில வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. "நன்றிப் பதிவு மட்டும் நீங்கதான் சார் பண்ணணும். அதுக்கு உங்க குரல்தான்"னது.

நன்றியுரை. நம்ம ஊர்ல நன்றியுரை யாருக்குக் குடுப்பாங்கன்னு தெரியுமில்லையா? வேற எதுவும் குடுக்க முடியாதவனுக்கு. வரவேற்புரைக்கு ஆள் போட்டி, தலைமையுரைக்குப் போட்டி. நன்றியுரை தொடங்கும்போது ஜனங்க செருப்பைத் தேடுவாங்க, பந்தல்காரன் பின்வரிசை நாற்காலியை அடுக்க ஆரம்பிச்சுடுவான். முப்பத்தொரு வருஷம் எத்தனையோ மேடையில முதல் வார்த்தை சொன்னவன் நான். எனக்குக் கடைசி வார்த்தை. இருந்தாலும் ஒத்துக்கிட்டேன். இருபத்திரண்டு போனா என்ன, ஒண்ணு இருக்கட்டும். அது வாசல்ல இருக்கு. வெளியே போறவன் கடைசியாக் கேக்கிறது என் குரலா இருக்கும்.

பத்தொன்பது பேரைச் சொன்னேன். இடம் குடுத்த அதிகாரி, மிருதுளா, ஜெரால்டு, தொட்டி குடுத்த நர்சரிக்காரர், தொட்டியை ஏத்திக்கிட்டு வந்த ஆட்டோக்காரர், டீ கொண்டு வந்த கருணை வரைக்கும். ஒவ்வொரு பேரையும் மாலை போடுற மாதிரி சொன்னேன். பஞ்சவர்ணத்தை விட்டுட்டேன். மறந்து விடலை, விட்டேன். பேரை மறக்கிறவன் என் தொழிலுக்கு வரவே முடியாது.

மறுநாள் காலையில மிருதுளா வந்துடுச்சு. "சார், ஒரு பேர் விட்டுப்போச்சு."

"எதுவும் விட்டுப்போகலையே."

"பஞ்சவர்ணம் அக்கா."

"அந்தம்மா பூங்காவோட ஆள். தண்ணி விடுறது அதுக்கு வேலை. மண்வெட்டிக்கு யாராவது நன்றி சொல்வாங்களா?"

"சார், இந்தத் தோட்டத்துல பேசுறதே அவங்கதான்."

"அதைத்தான்மா நானும் சொல்றேன். பேசுறவளே அவதான். அதுக்கு மேல நன்றி வேறயா?"

அழும்னு நினைச்சேன். ஊமைச் செடிக்கே அழுதது இல்லையா? அழலை. "ஒரே ஒரு பேர்தான் சார். சேர்த்துச் சொன்னா உங்க குரல் அப்படியே இருக்கும். இல்லேன்னா வேற யாரையாவது படிக்கச் சொல்ல வேண்டியதுதான்"னது. படிக்கச் சொல்லும்மா, யாருக்கு என் குரல் இருக்குன்னு பார்க்கிறேன்னு அனுப்பிட்டேன். எனக்குத் தெரியும், திரும்பி வரும்னு.

திறப்பு விழாவுக்கு வெள்ளை வேட்டி சட்டை போட்டுக்கிட்டு வந்தேன். ரெண்டாவது வரிசை. அதிகாரி வந்து ஒவ்வொரு செடியாத் தொட்டுக்கிட்டே வந்து, கடைசியா நந்தியாவட்டையைத் தொட்டார். பார்த்தா அவ குரல். "எல்லாருக்கும் வணக்கம். என்னையப் படிக்கச் சொன்னாக. எனக்குப் படிக்க வராது, அதனால நெனப்புல இருக்கவங்களச் சொல்றேன்"னு ஆரம்பிக்கிறா. டீக்கட கருணை அண்ணன். செரால்டு தம்பி. மிருதலா பாப்பா. தொட்டியத் தூக்குனப்ப நகம் பேந்துபோன ஆட்டோக்கார அண்ணன். அது எனக்கே தெரியாது, அவர் நகம் பேர்ந்தது. அப்புறம்தான் வந்தது. "ரேடியோவுல பேசுவாகல்ல, எளில்வாணன் ஐயா, அவுகளுக்கும் நன்றி. எனக்கு வாளப்பளம் சொல்லச் சொல்லிக் குடுத்தாக. எனக்குத்தேன் வரல. அவுக மேல ஒரு தப்பும் இல்ல."

கூட்டம் சிரிச்சது பாருங்க. அதிகாரி திரும்பி என்னைப் பார்த்துச் சிரிச்சுக் கை தட்டினார். அவர் தட்டினா எல்லாரும் தட்டணுமே, தட்டினாங்க. நான் எழுந்து நின்னு கும்பிட வேண்டியதாப் போச்சு. எனக்கு நன்றி சொல்ல இவ யாரு தம்பி? நான் கேட்டேனா? என் மேல தப்பில்லைன்னு தீர்ப்புச் சொல்ல இவளை யார் நாற்காலியில உட்கார வெச்சது? ஆத்திரமா இருந்தது. வெறும் ஆத்திரம்னும் சொல்ல முடியலை. அதை விடுங்க.

மறுநாளே போய் மிருதுளாகிட்ட நின்னேன். மத்தது எது வேணா இருக்கட்டும், என் பேர்ல இருக்கிற ழகரத்தைத் திருத்து, ஒரு நாளைக்கு அறுபது பேர் தொடுறான், அறுபது தடவை எளில்வாணனாக என்னால இருக்க முடியாதுன்னேன். "அது அவங்க சொன்ன நன்றி சார். அவங்க சொன்னபடிதான் இருக்கும்"னு முடிச்சுட்டது. முடிச்சுட்டு, "அதுல ஒரு பேர் இன்னும் இல்லை சார், கவனிச்சீங்களா?"ன்னு கேட்டது.

அவ பேருதான். அவளே விட்டுட்டா. என் பேரை நானே எப்படிச் சொல்றது, கூச்சமா இருக்காதான்னாளாம். நீங்க போட்டுக் கேட்டுப் பாருங்க, பதிவு முடிஞ்ச பிறகு கொஞ்ச நேரம் ஒண்ணும் இருக்காது, தண்ணிச் சத்தம் மட்டும் கேக்கும். அந்த இடத்தை அந்தப் பொண்ணு காலியா வெச்சிருக்கு. "அந்தப் பேரை நீங்க சொல்லுங்க சார். ஒரே ஒரு சொல். உங்க குரல் இந்தத் தோட்டத்துல இருக்கும்"னது. நந்தியையும் நன்றியையும் பிரிக்கத் தெரியாத பொண்ணு, என்னை எங்கே நிறுத்தியிருக்கு பாருங்க.

ரெண்டு மாசம் முடியாதுன்னேன். ஆனா இப்போ மழை வரப்போகுதில்லையா. தண்ணி உள்ளே போகாம ஜெரால்டு எல்லாப் பெட்டியையும் பசை போட்டு மூடப்போறார். வெள்ளிக்கிழமை. மூடினா மூடினதுதான், அப்புறம் உடைச்சாத்தான் திறக்க முடியுமாம். அந்தப் பொண்ணும் அன்னைக்கே கிளம்புது. அதனால சரி, போகட்டும்னு முடிவு பண்ணிட்டேன். பெரிய மனுஷன்தானே விட்டுக் குடுக்கணும்.

போன்லயே பதிவு பண்ணி அனுப்புங்க சார்னார் ஜெரால்டு. திங்கட்கிழமை அனுப்பினேன். "சார், இன்னும் கொஞ்சம் சாதாரணமா"ன்னு பதில் போட்டார். ரெண்டாவது அனுப்பினேன். "நல்லா இருக்கு சார், இன்னொண்ணு பார்ப்போமா?" ஒயர் ஒட்டுறவர் எனக்குக் குரல் சொல்லிக் குடுக்கிறார். நேத்து சாயங்காலம் அறைக் கதவைச் சாத்திக்கிட்டுப் பதினோரு தடவை சொன்னேன். அந்தப் பேர்ல ழகரம் கிடையாது, ளகரம் கிடையாது, கஷ்டமான எழுத்து ஒண்ணுமே இல்லை. அடுக்களையில இருந்து என் வீட்டம்மா வந்து கதவைத் தட்டி, "யாரை வையறீங்க?"ன்னு கேக்குறாங்க. வையலை, பதிவு பண்றேன்னேன். நம்பலை.

போன் மைக் சரியில்லைன்னு நினைக்கிறேன். நல்ல மைக்கா இருந்தா இந்தப் பிரச்சினையே வராது. நீங்க புது ஆள், அவளையும் தெரியாது, என்னையும் தெரியாது. அதனால கேக்குறேன். கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க. கேட்டுட்டு எப்படி இருந்ததுன்னு சொல்லுங்க, மரியாதைக்குச் சொல்லாதீங்க. இந்தா.

பஞ்சவர்ணம்.

எப்படி? ஏன் தம்பி யோசிக்கிறீங்க? சத்தம் பத்தலையா? இருங்க, வயித்துல இருந்து எடுக்கிறேன்.

பஞ்சவர்ணம்.

ஐயய்யோ, அவளுக்குக் கேட்டுடுச்சு. குழாயைக் கீழே போட்டுட்டு வர்றா பாருங்க. இல்லைம்மா, ஒண்ணுமில்லை, வர வேண்டாம். அங்கேயே நில்லு. எதுக்கு இப்படி ஓடி வர்ற?

என்னது? சத்தமாச் சொல்லும்மா.

"நான் எதுவும் தப்புப் பண்ணிட்டேனா ஐயா"ங்கிறா.

இல்லைம்மா. நீ ஒண்ணும் பண்ணலை. சும்மாதான் கூப்பிட்டேன். போ, போய்த் தண்ணியை விடு.

போயிட்டா. நீங்க இருங்க தம்பி, எழுந்திரிக்காதீங்க. இன்னைக்குப் புதன்தானே, வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு.